நான் கிட்ட போனாலே கத்தும் அலாரம்

லீவுக்கு துபாயிலிருந்து நாகப்பட்டினம் வந்திருக்கேன்.

தண்ணித் தொட்டி நிரம்பினா சத்தம் போடுற அலாரம் ஒண்ணு என் மனைவி ஷபானா செஞ்சிருக்கா. அவளோட முதல் ஆர்டர். பக்கத்து வீட்டு செல்வி அக்கா இன்னைக்கு வாங்க வந்துட்டாங்க.

நான் கிட்ட போனதும் அது கத்துது.

"மச்சான், எதை நோண்டுனீங்க?" ஷபானா கேட்டா.

"தொடவே இல்ல புள்ள."

"தம்பிய கண்டு பயப்படுது போல," என்றார் செல்வி அக்கா.

ஷபானா போர்டைத் திருப்பிப் பார்த்தா. "சிப்போட ஒரு இன்புட் எதிலயும் சேராம தொங்குது. அப்படி விட்டா, பக்கத்துல கை வந்தாலே சிக்னல்னு நினைச்சுக்கும்."

ஒரு ரெசிஸ்டர் வச்சு அதை கிரவுண்டோட சால்டர் பண்ணினா. கையை நீட்டினேன், சத்தமில்லை. வயரை வாளித் தண்ணியில விட்டதும் ஒழுங்கா கத்துச்சு. அக்கா சந்தோஷமா வாங்கிட்டுப் போனாங்க.

எனக்குத்தான் கொஞ்சம் வருத்தம். இந்த வீட்ல என்னைப் பார்த்ததும் ஆர்ப்பாட்டம் பண்ணினது அது ஒண்ணுதான். உங்க வீட்ல எப்படி?