அப், ஆஃப், அவுட்: தோட்ட ஆபீசில் நான் பயந்த சொற்கள்

1. முதல் நாள்

கீரிப்பாறைக்கு மேலே இருந்த ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் ரைட்டராகச் சேர்ந்த அன்று, துரை என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் "கெட் ஆன் வித் இட்." நாகர்கோவில் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷுக்குப் பரிசு வாங்கியவன் நான். 'நாட்வித்ஸ்டாண்டிங்' என்ற சொல்லை எழுத்துப் பிசகாமல் எழுதுவேன். கெட், ஆன், வித், இட் என்ற நாலு பேரையும் தனித்தனியே நன்றாகத் தெரியும். சேர்ந்து வந்தபோது ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை.

எழுந்து நின்றேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்து குடையை எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று இன்றுவரை தெரியாது. ரப்பர் மரங்களில் பால்வெட்டைக் கவனிக்கிற கண்டக்டர் தாவீது ஒரு பேரேட்டை என் முன்னால் தள்ளினார்.

"எழுதும் வே. எதையாவது எழுதும். அவரு போவட்டு."

என் பெயரையே பதினோரு தடவை எழுதினேன். துரை எட்டிப் பார்த்து "குட்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

2. ஆபீஸ் வழக்கம்

துரைமார் பெரிய சொற்களைக் கடிதத்துக்கென்று வைத்திருப்பார்கள். வாயைத் திறந்தால் வருவது அப், ஆஃப், அவுட், இன் என்ற சில்லறைகள்தான். 'வாஷ் அவுட்' என்றால் மழை பெய்து மரத்தில் கட்டிய சிரட்டையில் இருந்த ரப்பர் பால் போயிற்று என்று பொருள். அது தினசரி வருவதால் பழகிவிட்டது. மற்றவற்றுக்காக ஒரு நோட்டுப் போட்டேன். 'லுக் ஆஃப்டர்' ஒரு பக்கம், 'லுக் இன்டு' ஒரு பக்கம், 'லுக் அவுட்' ஒரு பக்கம். மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து மூன்றுக்கும் திட்டு வாங்கினேன்.

துரையிடம் திருப்பிக் கேட்கலாமே என்பீர்கள். எங்கள் ஆபீசில் அது கிடையாது. துரை சொன்னதும் மூவரும் ஒரே குரலில் "யெஸ் சார்" என்போம். மோட்டார் சைக்கிள் சத்தம் வளைவு தாண்டிய பிறகு கூடி உட்காருவோம். பெரிய ரைட்டர் சிதம்பரம் பிள்ளை, தாவீது, நான். துரை என்ன சொன்னார் என்று ஆளுக்கொரு அர்த்தம் சொல்வோம். ஒத்துவராவிட்டால் பிள்ளை முடிவு செய்வார். அவருக்கு ஒரே ஒரு சட்டம்.

"சந்தேகம்னா கடுப்பமானதைச் செய்யும் ஓய். கூடுதலா கண்டிச்சவனை எந்தத் துரையும் வீட்டுக்கு அனுப்புனதில்ல. எளக்கம் காட்டுனவனைத்தான் அனுப்பியிருக்கான்."

எனக்கு அது மிகவும் புத்திசாலித்தனமாகப் பட்டது. வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவனுக்கு அப்படித்தான் படும்.

3. வேலாயுதன் பெயர்

வேலாயுதன் நல்ல பால்வெட்டுக்காரன். சரிவில் வழுக்கி விழுந்து கால் முறிந்து, நெய்யூர் ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்துவிட்டு, கம்பூன்றி வந்தான். மனைவி தங்கமும் இரண்டு பிள்ளைகளும் தோட்டத்து லயத்தில், வேலையாட்களின் வரிசை வீடுகளில், ஒரு முறியில் இருந்தார்கள். ஆட்களின் பெயர்ப் பதிவான செக்ரோலில் பெயர் இருக்கிறவரைக்கும்தான் அந்த முறி. பெயரை வெட்டினால் சட்டி பானையோடு இறங்க வேண்டும்.

அதற்குள் நான் சேர்ந்தபோது இருந்த துரை போய், வேறு துரை வந்திருந்தார். காலையில் ஆள் எண்ணுகிற இடத்தில் அவர் அவன் காலைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "வெல், வீ ஷல் ஹேவ் டு புட் அப் வித் ஹிம்" என்றார். "யெஸ் சார்" என்றோம். வண்டி போயிற்று.

"புட்னா வையி. அப்னா மேல. வித்னா கூட," என்றேன்.

"மேல கொண்டு வைக்கதுக்கு இவன் என்ன சாமியா வே?" என்றார் தாவீது. "மேல்தோட்டத்துக்கு அனுப்பச் சொல்லுதாரோ?"

"ஏறிச் செத்துப்போவான்," என்றேன்.

பிள்ளை மூக்குப்பொடியைத் தட்டினார். "துரை பெருமூச்சு விட்டாரு, பாத்தேரா? நல்ல காரியத்துக்கு எவனாவது பெருமூச்சு விடுவானா? பேரை வெட்டும். சனிக்கிழமைக்குள்ள முறியை ஒழியச் சொல்லும்."

பேனாவை மையில் தோய்த்து வெட்டினேன். கோடு நேராகத்தான் விழுந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சேதி லயத்துக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் தங்கம் ஆபீஸ் வாசலில் நின்றாள். அழவில்லை.

"ஏமானே, துரை என்ன வார்த்தை சொன்னாரு? அதை மட்டும் சொல்லும். நான் போவுதேன்."

"அது இங்கிலீஷு."

"தமிழ்ல சொல்லும்."

நான் பிள்ளையைப் பார்த்தேன். பிள்ளை ஜன்னலைப் பார்த்தார்.

"உமக்கு வெளங்கிச்சா?" என்றாள்.

நான் நோட்டைப் புரட்டினேன். அவள் நகரவில்லை.

குடை எடுத்தேன். இந்தத் தடவை எதற்கென்று தெரியும். "எங்க வே போறீரு?" என்று பிள்ளை கேட்டது முதுகுக்குப் பின்னால் கேட்டது. பங்களாவுக்கு ஏறுகிற வழியில் நாலு இடத்தில் நின்றேன், மூச்சு வாங்க என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு. வாசலில் நாய் குரைத்தது. அதற்கும் "யெஸ் சார்" என்று சொல்லிவிட்டேன்.

துரை வெளியே வந்தார். "சார், புட் அப் வித், ப்ளீஸ் எக்ஸ்ப்ளெயின்" என்றேன்.

"பேர் வித் ஹிம், மேன்!"

இது அடுத்த கஷ்டம்; 'பேர்' என்றால் கரடி என்றுதான் எனக்குத் தெரியும். நோட்டிலும் இல்லை. கால் திரும்பப் பார்த்தது. பிடித்து நிறுத்திக்கொண்டு கேட்டேன்: "சார், ஸ்டே ஆர் கோ?"

"ஸ்டே! ஆஃப் கோர்ஸ், ஸ்டே!" அவனைச் சகித்து வைத்துக்கொள்ளத்தான் சொன்னாராம். கையை நீட்டி, ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைப்புரையைக் காட்டினார். உட்கார்ந்து செய்கிற வேலை. பிறகு முகம் சிவந்து, "ஹூ செட் கோ?" என்றார்.

"நோபடி, சார்," என்றேன். ஆபீசில் மை காய்ந்துகொண்டிருந்தது.

கீழே வந்து தங்கத்திடம், "இருக்கச் சொன்னாரு. புகைப்புரையில வேலை," என்றேன். "இதைக் கேக்கதுக்கு இம்புட்டு நேரமா?" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நமக்கு இங்கிலீஷ் தெரியாது என்று துரைக்குக் காட்டிக்கொடுத்துவிட்டேனாம். அது துரைக்கு என்றைக்கோ தெரியும் என்பது என் எண்ணம்.

வேலாயுதன் பெயரைக் கடைசி வரியில் புதிதாக எழுத இடம் தேடியபோது, பழைய செக்ரோல்களும் கையில் வந்தன. புரட்டினேன். அதற்கு முந்திய துரையின் காலத்தில், அதே சபை கூடி, அதே சட்டப்படி வெட்டிய பெயர்கள். ஏழு. ஏழும் என் கையெழுத்து. அந்தத் துரை கப்பலேறிப் போய்விட்டார். அவர் என்ன சொன்னார் என்று கேட்க ஆளில்லை. ஏழு பேரில் இரண்டு பேர் எங்கே போனார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மற்ற ஐவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

தோட்ட ஆபீசுகளுக்கு இப்போது வருகிற பிள்ளைகள் என்னைவிட இங்கிலீஷ் படித்தவர்கள். ஆனாலும் ஒரு நாள் புரியாது. அன்றைக்குப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கேளுங்கள். முகம் சிவப்பார், நாய் குரைக்கும், உங்களுக்கு வேர்க்கும். நான் ஏழு பெயருக்கு அந்த வேர்வையை மிச்சம் பிடித்தேன்.