மதினி ஒதுக்கிவைத்த கட்டு

அந்தத் தாளில் மை கூடிப்போயிருந்தது. பெரிய தாள், ஒரு புறத்தில் மட்டும் எட்டுப் பக்கம் அச்சாகும். நடுவில் ஒரு படம். ஏதோ ஒரு குளிர் ஊரின் தெருவில், கோட்டு போட்ட பிள்ளைகள் ஆளுக்கொரு பையோடு வரிசையில் நிற்கிறார்கள். எல்லார் மார்பிலும் துணியில் வெட்டித் தைத்த நட்சத்திரம். மை அப்பியதில் சில முகங்கள் கருத்துவிட்டன. கீழே அவர்கள் பெயரும் வயதும். ஆறு, ஒன்பது, நாலு. ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை என்று கடைசி வரி.

சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு அது வெளியூர் ஆர்டர். ஹிட்லர் ஆட்சியில் யூதர்கள் கொல்லப்பட்டதைப் பற்றிய புத்தகம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மடிக்கிற தாளில் கண்ணில் பட்டதைப் படிப்பதுதான் என் படிப்பு. அப்படித்தான் தெரிந்துகொண்டேன்: முதலில் அவர்கள் பூங்கா பெஞ்சில் உட்காரக் கூடாது என்றார்கள். பிறகு சைக்கிளை ஒப்படைக்கச் சொன்னார்கள், ரேடியோவை ஒப்படைக்கச் சொன்னார்கள். பூனை வளர்க்கக் கூடாது என்றுகூட ஒரு உத்தரவு. எதிர்வீட்டுக்காரர்கள் சன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அப்புறம் சரக்கு ரயில், விஷவாயு, உலை. புதைக்க ஆளுக்கொரு குழிகூடக் கிடையாது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கேஸ் அடுப்பை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பிப் போகிற ஆள் நான். அங்கே பிறந்திருந்தால் என் கதி என்ன என்று கவலைப்பட்டேன். செத்தவர்களில் ஒருவனாகத்தான் என்னை நினைத்துக்கொண்டேனே தவிர, திரைக்குப் பின்னால் நிற்பவனாக நினைக்கத் தோன்றவில்லை.

பைண்டிங் பகுதியில் மூத்தவர் ஒரு அம்மா. எங்கள் எல்லாருக்கும் அவர் மதினி. அவருடைய தங்கை வெடி ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், நடந்த விபத்தில் போனவள். உடலைப் பொட்டலமாகக் கட்டித்தான் கொடுத்தார்கள், முகத்தைக் காட்டவில்லை. அந்தப் படத்தைப் பார்த்தபடி மதினி நின்றபோது, ஆறுதலாக இருக்கட்டுமே என்று, "உங்க தங்கச்சி மாதிரிதான் மதினி, பாவம்" என்றேன்.

"இல்லலே. அங்கன எவனோ அசட்டையா இருந்தான், அவ போயிட்டா. இது பேரு எழுதி, வயசு எழுதி, ரயில்ல ஏத்திக் கொண்டுபோயிக் கொன்னு எரிச்சது. அதையும் இதையும் ஒண்ணாக்காத."

கெட்டுப்போன தாளெல்லாம் எங்கள் ஊரில் வெடிக்குக் குழாய் சுற்றப் போகும். கல்யாணப் பத்திரிகை, பாடப் புத்தகம், சாமி படம், எதுவானாலும் அதுதான் வழி. அவற்றைக் கட்டி டெம்போவில் ஏற்றுவது என் வேலை. இந்தத் தாள்களை நான் கட்டும்போது மதினி குறுக்கே வந்து நின்றார்.

"இத ஏத்தாதலே. ஒருக்க எரிச்சது பத்தாதா? தீபாவளிக்கு நாம வேற எரிக்கணுமா?"

மெஷின்மேன் சிரித்தார். "என்ன மதினி, வெள்ளக்காரப் பிள்ளைகளத் தத்தெடுத்துட்டீகளா? பேரு வைக்கிற அன்னைக்கு எங்களையும் கூப்பிடுங்க."

"பேரெல்லாம் ஏற்கெனவே இருக்குய்யா. நீருதான் மையக் கூட்டி அழிச்சு வச்சிருக்கீரு."

அவர் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். மதினி என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "கரிசக்காட்டுல எங்களுக்கு ஒரு துண்டு நெலம் கெடக்கு. ஞாயித்துக்கிழம குழி தோண்டிப் பொதச்சிருதேன். சனிக்கிழம சாயங்காலம் வந்து எடுத்துக்கிடுதேன். அம்புட்டு நாளும் கட்டிங் மெஷினுக்குப் பின்னால கெடக்கட்டும். பாத்துக்கிடுவியாலே?"

"பாத்துக்கிடுதேன் மதினி" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

சனிக்கிழமை மத்தியானம் மேனேஜர் வந்தார். தீபாவளி சீசன், தாயில்பட்டி வெடி ஆபீஸுக்குக் கழிவுத்தாள் போகிற நேரம். "தாயில்பட்டி டெம்போ நிக்குது, எல்லாம் ஏத்தியாச்சுல்ல?" என்று கேட்டவர், பதிலுக்குக்கூட நிற்காமல் திரும்பி நடந்தார். நான் சும்மா இருந்திருந்தால் போதும். அந்தக் கட்டு அங்கே கிடந்தது அவருக்குத் தெரியாது. ஆனால் இரண்டு நாளாக அந்தக் கட்டை யாராவது பார்த்துவிட்டார்களா என்று போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒளித்துவைத்தான் என்று பெயர் வருமோ, வேலை போய்விடுமோ என்று ஒரே நினைப்பு. பின்னாலேயே ஓடிப்போய், "சார், இன்னும் ஒரு கட்டு இருக்கு" என்றேன். "அப்பம் ஏத்து" என்றார். ஏற்றினேன். டெம்போ வாசலைத் தாண்டியதும் நிம்மதியாக டீ குடிக்கப் போனேன். இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருப்பது அந்த நிம்மதிதான்.

சாயங்காலம் மதினி கையில் ஒரு கோடித் துணியோடு வந்தார். இறந்தவர்களுக்குப் போர்த்துகிற அதே புதுத்துணி. மெஷினுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். "மேனேஜர் கண்டுபிடிச்சிட்டாரு மதினி" என்றேன். மதினி நேராக மேனேஜர் அறைக்குப் போனார். உள்ளேயிருந்து மேனேஜரின் குரல் கேட்டது: "எனக்கு எப்படிம்மா தெரியும்? அவந்தான் ஓடி வந்து சொன்னான்."

மதினி வெளியே வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "கேக்காமலேயா சொன்ன?" என்றார். பிறகு மடிப்புக் கலையாத அந்தத் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

காகிதம் வேறு, மனிதர்கள் வேறு. அது தெரியாதவன் இல்லை நான். ஆனால் என் பயம் எந்தப் பக்கம் ஓடும் என்று அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. அடி வாங்கியிருந்தால், மிரட்டியிருந்தால்கூட ஒரு சாக்கு இருந்திருக்கும். படத்தில் இருக்கும் அந்தத் தெருவில் எனக்கும் ஒரு சன்னல் இருந்திருக்கும். அதற்கு மேல் யோசித்தால் தூக்கம் வருவதில்லை.

மதினி வேலையிலிருந்து நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. தீபாவளிக்கு மறுநாள் விடிந்ததும் அவர் தன் தெருவில் குனிந்து வெடித்தாள் பொறுக்குகிறார் என்று கேள்விப்பட்டு, இந்த வருஷம் போனேன். அந்தத் தாள்கள் அந்த வருஷமே எரிந்திருக்கும். அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் எழுத்து உள்ள துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணருகே பிடித்துப் பார்த்து, கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்தேன். அவர் தலை நிமிரவில்லை.

"நீங்க போங்க" என்றார். "யாராச்சும் பாத்திருவாக."

தெருவின் இருபக்கமும் பார்த்தேன். யாருமில்லை. இருந்தும் எழுந்து வந்துவிட்டேன்.