சோதனைக்குப் போன வழி

சீனியர் கேம்பிரிட்ஜ் பள்ளியிறுதிப் பரீட்சையில் பூகோளச் சோதனை மதியம் இரண்டு மணிக்கு மலாக்கா டவுனில். அன்று காலைதான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பா, "நல்ல நாளை விடேலாது. சோதினையை அடுத்த வருசம் எழுதலாம்" என்று முடித்துவிட்டார்.

வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தேன். கண் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. மாப்பிள்ளையின் தாயார் கவனித்துவிட்டார்.

"என்ன பிள்ளை, எங்கயும் போகவேணுமோ?"

"இண்டைக்குச் சோதினை, மாமி."

அவர் அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்தார். "எங்கட கார் நிக்குது. வா, நானே கொண்டுபோய் விடுறன்."

காரில் அட்லஸைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். பதற்றத்தில் எதுவும் மனதில் தங்கவில்லை. அவர் மெல்லக் கேட்டார்.

"நான் கலியாணம் முடிச்சு யாழ்ப்பாணத்திலயிருந்து கப்பலில வந்தனான். எந்த வழியால வந்தனான் எண்டு காட்டுவியோ?"

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு, அங்கிருந்து கடல் கடந்து பினாங்கு, பிறகு மலாக்கா என்று விரலால் காட்டினேன். அவர் தன் விரலை அதே வழியில் திருப்பிக் கொண்டுபோய் யாழ்ப்பாணத்தில் நிறுத்தினார்.

"அம்மா செத்தபோது என்னைப் போகவிடேல்ல. அவ்வளவு தூரம் எண்டு சொல்லிச்சினம். இவ்வளவுதானோ, பிள்ளை?"

கார் மலாக்கா டவுனுக்குள் நுழைந்தது; அட்லஸை மூடிக்கொண்டு இறங்கினேன்.

சோதனையில் தேறினேன். அப்பாவின் கோபத்தில் அந்தச் சம்பந்தம் முறிந்துபோனது. மாமியை நான் மறுபடி பார்க்கவே இல்லை.

இன்று நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறேன். வரைபடத்தில் தூரத்தை அளந்துவிட்டு எந்தப் பிள்ளையாவது "கிட்டத்தான், டீச்சர்" என்றால், சரி என்று தலையாட்ட எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.