கமலா மேடத்தின் மழைப் பாடம்

ஆக்லாந்திலிருந்து கமலா மேடத்தின் மகள் அழைத்தாள். "அம்மா போயிட்டாங்க, ஆன்ட்டி" என்று தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னாள். நெருங்கிய தோழி என்பதால், நாங்கள் இருவரும் ஆசிரியைகளாக இருந்த நசினு பள்ளியில் என்னையே அஞ்சலி எழுதச் சொன்னார்கள். தோழிதான். ஆனால் அவர்மேல் எனக்கு இருந்த வயிற்றெரிச்சல் யாருக்கும் தெரியாது. இன்றாவது அதைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் தீவு நாட்டில் ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு, இந்திய வம்சாவளியினர் வாரம் ஒரு குடும்பமாக ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். போனவர்கள் சேர்ந்து எங்கள் பள்ளிக்குப் பத்துக் கணினிகள் அனுப்பினார்கள். பொறுப்பு எனக்கு. தலைகால் புரியவில்லை! ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட உறை தைத்தேன். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கணினியின் பாகங்களைக் கரும்பலகையைப் பார்த்து நோட்டில் வரைந்துவிட்டுப் போவார்கள்.

கமலா மேடம் ஒரே ஒரு கணினியைக் கேட்டு வாங்கித் தம் ஆறாம் வகுப்பில் வைத்தார். வெளியே ஒரு காலி மீன் டப்பா. அதில் விழுந்த மழையைப் பிள்ளைகள் தினமும் அளந்து கணினியில் பதிந்து, எவ்வளவு பெய்தால் மைதானம் மூழ்கும் என்று தாங்களே கண்டுபிடித்தார்கள். "மெஷினுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. புள்ளைங்ககிட்ட ஒரு கேள்வி இருந்தாதான் அது உதவும்" என்பார். பள்ளி ஆய்வாளர் வந்தபோது என் அறையில் "ரொம்பச் சுத்தம்" என்று இரண்டு நிமிஷம் நின்றார். கமலா மேடம் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். பாவி மனசு, கொதித்தது.

ஈரத்தில் கணினி கெட்டுவிடும் என்று தலைமையாசிரியரிடம் கோள் மூட்டினேன். மறுநாளே அது என் அறைக்குத் திரும்பியது. கமலா மேடம் பழுப்புத் தாளில் கோடு போட்டு அதே பாடத்தைத் தொடர்ந்தார். கணினி இல்லாமலும் பாடம் நடந்ததே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு விசா வந்து அவரும் போனார். ஆக்லாந்தில் அவருடைய ஆசிரியர் சான்றிதழ் செல்லவில்லை. வகுப்பறை உதவியாளர் வேலைதான் கிடைத்தது. சொல்லவே கூசுகிறது, அதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. "இங்க ஆளுக்கொரு மெஷின் இருக்குக்கா. எல்லாம் தலையக் குனிஞ்சே கெடக்குதுங்க. எனக்கு ஒரு கிளாஸ் குடுத்தா போதும்" என்று ஒருமுறை போனில் அழுதார். கடைசிவரை கொடுக்கவில்லை.

அவர் விட்டுப்போன ஆறாம் வகுப்பு எனக்கு வந்தது. இன்றைக்கு என்ன கண்டுபிடிக்கப் போகிறோம் என்று முதல் நாளே ஒரு பெண் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பேசும் இந்தியில் கேட்டாள். எனக்கு வேறு எதுவும் தெரியாது. உறைகளைக் கழற்றிவிட்டு அவருடைய பாடத்தையே எடுத்தேன். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். பணி ஓய்வின்போது அந்தப் பாடத்துக்காகவே மாலை போட்டார்கள். ஒரு நாளும் நான் அவர் பெயரைச் சொல்லவில்லை.

கமலா, அது உன் பாடம். இதையும் இரண்டு தடவை அடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், என்ன செய்ய! நாளை பள்ளிக் கூட்டத்தில் நானே நின்று இதை வாசிக்கப் போகிறேன். மாலை போட்டவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். போய் வா, அம்மா.