ஸ்டியரிங்கை விடாத பெனிற்றா

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஸ்பானியப் படத்தில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அலறும் பஸ் ஓட்டுநர் எங்கள் பெனிற்றா அக்கா இல்லை. அது விக் வைத்த ஓர் ஆம்பிளை. படப்பிடிப்பில் நானும் ஒரு பயணியாக அந்த பஸ்ஸில் இருந்தேன். கண்ணால் கண்டதைத்தான் எழுதுகிறேன்.

லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் அக்காவின் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். யாழ்ப்பாணத்துப் பாசையூரிலிருந்து இங்கே வந்து, அலுவலகங்களைக் கூட்டித் துடைத்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பஸ் ஓட்டப் பழகியவர். லைசென்ஸ் கிடைத்த சந்தோஷத்தில் வீட்டில் கேக் வெட்டினார். அவருடைய சொந்த அண்ணன் ஜெராட் அந்தக் கேக்கை வாயில் வைத்துக்கொண்டே, "பொம்பிளை ஓடுற பஸ்ஸிலை நான் ஏறமாட்டன்" என்றார்.

"அப்ப நடந்து போங்கோ அண்ணை. உடம்புக்கும் நல்லது" என்றார் அக்கா.

அக்காவின் வலது சுண்டுவிரல் கோணலாக இருக்கும். ஒருநாள் குடிகாரன் ஒருவன் தடுப்புக் கதவுக்கு மேலால் கையை விட்டு, ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தான். பஸ் நிறைய ஆட்கள். விரல் முறிந்தும் அக்கா பிடியை விடவில்லை. ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தி, எல்லாரையும் இறக்கிவிட்ட பிறகுதான் அழுதாராம்.

இப்படிப்பட்ட மனுஷியைத்தான் அந்தப் படக்காரர்கள் கூப்பிட்டார்கள். அவர்களுடைய படத்தில், கல்யாண வீடுகளில் ட்ரம்பெட் ஊதித் திரியும் ஒருவனை உலகத்துக் கொள்ளைக்காரர்கள் எல்லாரும் ஒற்றன் என்று நினைத்துத் துரத்துவார்கள். இதே கதையை ஐந்து பாகம் எடுத்து, ஸ்பெயினில் ஐந்தும் நன்றாக ஓடியிருக்கிறது. ஆறாம் பாகத்தில் துரத்தல் லண்டனில். பழைய சிவப்பு பஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்துவிட்டு, அதை ஓட்டத் தெரிந்த, எங்கள் நிறத்துப் பெண் ஒருவரைத் தேடி அக்கா வேலை செய்யும் கராஜுக்கு வந்தார்கள். அக்கா லீவு எடுத்துக்கொண்டு போனார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

முதல் நாள் முழுக்க அக்காவின் முகத்தையே கிட்டக் கிட்டப் படம் பிடித்தார்கள். அக்காவுக்கும் உச்சி குளிர்ந்துதான் போயிருந்தது. அடுத்த நாள்தான் வில்லங்கம். கொள்ளைக்காரர்களின் கார் குறுக்கே வரும்போது ஓட்டுநர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கைகளைத் தூக்கி அலற வேண்டும். கதாநாயகன் பாய்ந்து வந்து ஸ்டியரிங்கைப் பிடித்து எல்லாரையும் காப்பாற்றுவான்.

மூடிய தெருவில் பஸ் மெதுவாக ஓடியது. கதாநாயகன் கையை நீட்டினான். அக்கா பளாரென்று அந்தக் கையில் ஒன்று போட்டார்.

"கையை எடு!"

தமிழில்தான் கத்தினார். அவன் நிலைதடுமாறி என் மடியில் வந்து விழுந்தான். நாங்கள் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே குலுங்கியது. இயக்குநர் சிரிக்கவில்லை. மறுபடியும் எடுத்தார். மறுபடியும் அடி. மூன்றாம் முறையும் அதேதான்.

"இது நடிப்பு அம்மா, சிரிக்கிறதுக்கான பகிடி" என்று ஆங்கிலத்தில் கெஞ்சினார் இயக்குநர்.

அக்கா ஆங்கிலத்தில் சொன்ன பதில் தமிழில் இப்படி வரும்: "பகிடியெண்டால் என்னை விழச் சொல்லுங்கோ, விழுறன். முகத்திலை கேக் அடியுங்கோ, வாங்கிறன். ஓடுற பஸ்ஸிலை ஸ்டியரிங்கை மட்டும் விடமாட்டன்."

அதோடு அனுப்பிவிட்டார்கள். இறங்கும்போது அக்கா என் காதுக்குள், "நீ இரு றொஷானி. என்ன செய்யினம் எண்டு பாத்துக்கொண்டு வா" என்றார். பார்த்தேன். அக்காவைப் போலக் கொண்டை போட்ட விக் வைத்து ஒரு தடியனைக் கொண்டுவந்து இருத்தி, பின்னாலிருந்து படம் எடுத்தார்கள். அவன் கைகளைத் தூக்கினான். அலறலைப் பிறகு வேறு யாரோ ஒரு பெண்ணின் குரலில் சேர்த்திருக்கிறார்கள்.

படத்தின் முன்னோட்டம் வெளியானதும் அது வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கியது. முன்பக்கம் அக்காவின் முகம், பின்பக்கம் தடியனின் கைகள். பார்க்கிறவனுக்கு எங்கே தெரியப் போகிறது? கராஜில் அக்காவைக் கண்டால் கைகளைத் தூக்கி "ஐயோ" என்றார்கள். ஜெராட் போன் எடுத்து, "நான் அண்டைக்கே சொன்னன்" என்றார். இத்தனை வருஷம் கட்டிக் காத்த மானம் ஒரு சிரிப்பில் போய்க்கொண்டிருந்தது.

லண்டனில் படத்தின் முதல் காட்சிக்கு நடித்தவர்கள் எல்லாருக்கும் அழைப்பு வந்தது. அக்கா சேலை கட்டவில்லை. பஸ் ஓட்டும் யூனிஃபோர்மை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்தார். ஜெராட்டையும் கையோடு கூட்டி வந்திருந்தார். அலறல் வந்தபோது அரங்கம் முழுக்கச் சிரித்தது. ஜெராட்டும் சிரித்தார். கடைசியில் எழுத்து ஓடும்போது, பஸ் ஓட்டுநர் என்ற இடத்தில் அக்காவின் முழுப்பெயர் வந்தது. தடியனின் பெயர் எங்கும் இல்லை.

பிறகு இயக்குநரும் கதாநாயகனும் மேடையில் உட்கார்ந்தார்கள். கேள்வி கேட்கலாம் என்றார்கள். அக்கா எழும்பி ஆங்கிலத்தில் சொன்னார்.

"நான்தான் அந்த பஸ் ஓட்டுநர். முகம் என்னுடையது. கையை விட்டது நான் இல்லை, விக் வைத்த ஓர் ஆம்பிளை. இதை இங்கே எல்லாருக்கும் முன்னால் நீங்கள் சொல்ல வேண்டும்."

இயக்குநர் சிரித்து மழுப்பினார். "படம்தானே, யாரும் பெரிதாக எடுக்க மாட்டார்கள்."

"நான் எடுக்கிறேன். நாளைக்குக் காலையில் என் பஸ்ஸில் ஏறுகிற ஆட்கள் எடுப்பார்கள். சொல்லும்வரை நான் உட்கார மாட்டேன்."

இயக்குநர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார், மூடினார். யாரோ பின்னாலிருந்து அக்காவை உட்காரச் சொன்னார்கள். அக்கா நின்றார்.

கதாநாயகன்தான் மைக்கைப் பிடுங்கினான். தன் வலது கையை உயர்த்திக் காட்டி, உடைந்த ஆங்கிலத்தில், "அவர் சொல்வது உண்மை. விடவே இல்லை. இந்தக் கையில் மூன்று முறை அடித்தார், இரண்டு நாள் வலித்தது" என்றான்.

அதன் பிறகு வந்ததுதான் அன்றைய பெரிய சிரிப்பு. இந்த முறை அக்காவைப் பார்த்து இல்லை. ஜெராட் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதாநாயகன் மேடையிலிருந்து இறங்கி வந்து அக்காவுக்கு முன்னால் கையை நீட்டினான். அக்கா அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது ஓடுற பஸ் இல்லைத்தானே" என்று எனக்குச் சொல்லிவிட்டு, கோணல் விரலோடு அதை இறுக்கிப் பிடித்தார்.