கேட்டதாகத் தலையாட்டியவர்

பேருந்துப் பணிமனைக்குப் பின்தெருவில் இரண்டு ஷட்டர் அகலத்துக்கு ஒரு கடை. மரம் அறுக்கும் ரம்பம், புல் வெட்டும் மெஷின், வேலிச்செடி கத்தரிக்கும் மெஷின், மருந்து தெளிப்பான் என்று தோட்ட வேலைக்கு உண்டான எந்திரங்கள் தவிர வேறு எதையும் அங்கே தொடமாட்டார்கள். முதலாளி, மெக்கானிக், கூட்டிப் பெருக்குகிறவர் எல்லாம் ஒரே ஆள்தான். வயது ஐம்பத்தாறு. 'காது' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும்.

கேலிக்கு வைத்த பட்டப்பெயர் இல்லை அது. ஓடுகிற எஞ்சின்மேல் ஸ்க்ரூடிரைவர் நுனியை ஊன்றி, பிடியைக் காதோரம் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். ஐந்தாறு விநாடிதான். "பேரிங் போச்சு," என்பார். பிரித்துப் பார்த்தால் பேரிங்தான் போயிருக்கும்.

புதிதாக மெஷின் வாங்குகிறவர்களும் முதலில் அவரிடம்தான் யோசனை கேட்பார்கள். மரம் எவ்வளவு பருமன், வாரத்தில் எத்தனை நாள் வேலை, தூக்கப்போவது யார் என்று மூன்றையும் கேட்காமல் வாய் திறக்க மாட்டார். பெரிய ரம்பம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களிடம், "வாங்குங்க. தோள்பட்டை வலிக்கு யார்கிட்ட போறதுன்னு இப்பவே விசாரிச்சு வச்சுக்குங்க," என்பார்.

காதுக்கு மாட்டும் கவசத்தை வாடிக்கையாளர்களுக்கெல்லாம் வற்புறுத்தி விற்றவர், தான் மட்டும் ஒருநாளும் மாட்டியதில்லை. மாட்டினால் எஞ்சின் பேசுவது எப்படிக் கேட்கும்? முப்பது வருடம் அப்படியே போனது. பிறகு ஒருநாள் குக்கர் விசில் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் கடைத் தொலைபேசி மணி. அதன்பின் மனிதர்களின் பேச்சு ஒரு மாதிரி தேய ஆரம்பித்தது. குரல் வரும், வார்த்தை வராது. யாரோ போர்வைக்குள் இருந்து பேசுவதுபோல இருந்தது என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

யாரிடமும் சொல்லவில்லை. காது என்று பெயர் வாங்கிவிட்டு, காது கேட்கவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? ஊரே சிரிக்கும் என்று நினைத்தார். அதனால் சில வித்தைகளைப் பழகிக்கொண்டார். வாடிக்கையாளர் பேசும்போது மெஷினையே உற்றுப் பார்ப்பார். இடையிடையே தலையாட்டுவார். கடைசியில் "பாத்துடலாம், விட்டுட்டுப் போங்க" என்பார். ஆள் போனதும் பிளக்கின் நிறம், புகையின் நிறம், விரலில் வரும் அதிர்வு இவற்றை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பார். பத்துக்கு ஒன்பது தேறிவிடும்.

தேறாத அந்த ஒன்று பூங்காத் தோட்டக்கார அம்மாவின் ரம்பம்.

நகரத்துப் பெரிய பூங்காவில் பதினைந்து வருடமாக வேலை பார்க்கிறவர். எந்த மெஷினையும் நன்றாகக் கையாளத் தெரிந்தவர், வளவளவென்று பேசாதவர். அன்று காலை பதினொரு மணி இருக்கும். கடைக்குள் ஒரு புல்வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை.

ரம்பத்தை மேசைமேல் வைத்து அந்த அம்மா ஏதோ சொன்னார். மெக்கானிக் காதில் விழுந்தது "செயின்" என்ற ஒரு சொல் மட்டும். அந்த அம்மா ஆள்காட்டி விரலைக் காற்றில் மெதுவாகச் சுற்றிக் காட்டினார். மறுபடியும் ஏதோ சொன்னார்.

"பாத்துடலாம்மா. சாயங்காலம் வாங்க."

செயின் மழுங்கிப்போயிருந்தது உண்மை. அதைத்தான் சொல்லியிருப்பார் என்று முடிவு செய்து, ஒவ்வொரு பல்லையும் அரத்தால் ராவி, சவரக்கத்திபோலத் தீட்டினார். எஞ்சினைக் கிளப்பி ஒரு கட்டையை அறுத்துப் பார்த்தார். வெண்ணெய்போல இறங்கியது. திருப்தியோடு சுவிட்சை அணைத்தார். அதற்குமுன், எஞ்சின் ஓடும்போதே விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, செயின் நிற்கிறதா என்று பார்க்கவில்லை. கடைக்கு வரும் ரம்பம் ஒவ்வொன்றையும் அப்படிப் பார்ப்பது அவர் வழக்கம். அன்று தவறிவிட்டது.

நான்காம் நாள் பூங்காவின் மேற்பார்வையாளர் அதே ரம்பத்தை ஒரு சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். சத்தமாகப் பேசும் மனிதர், அதனால் எல்லாம் கேட்டது.

"அந்தம்மா தொடையைக் கிழிச்சுக்கிட்டாங்க மெக்கானிக். பதினொரு தையல். கிளையை அறுத்து முடிச்சிட்டு, மெஷினைத் தாழ்த்திப் பிடிச்சுக்கிட்டு நகர்ந்திருக்காங்க. செயின் பிரேக் போட்டுட்டு நகரணும்னு நூறு தடவை சொல்லியிருக்கேன். இப்ப என்னடான்னா, விரலை எடுத்தும் செயின் நிக்கலைன்னு சொல்றாங்க. மெஷின்ல கோளாறான்னு பாருங்க."

மெக்கானிக் ரம்பத்தின் பக்க மூடியைக் கழற்றினார். கிளட்சின் ஸ்பிரிங் ஒன்று அறுந்து கிடந்தது. அது அறுந்தால், விசையை விட்டாலும் செயின் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருக்கும். காற்றில் மெதுவாகச் சுற்றிய அந்த விரல் ஞாபகத்துக்கு வந்தது.

"உங்ககிட்ட முன்னாடியே சொன்னேங்கிறாங்களே?" என்றார் மேற்பார்வையாளர்.

கேட்கவில்லை என்று சொல்ல அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. நாக்கு வரைக்கும் வந்தது என்றுகூட என்னிடம் சொன்னார். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"இல்லையே சார். செயின் தீட்டணும்னுதானே சொன்னாங்க. ஸ்பிரிங் அதுக்கப்புறம் அறுந்திருக்கும்."

"அதானே பார்த்தேன்," என்றார் மேற்பார்வையாளர். அடுத்த வாரம் காயம் ஆறாமலே வேலைக்கு வந்த அந்த அம்மாவிடம் இனி மெஷினைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். துடைப்பத்தைக் கொடுத்து, சருகு கூட்டும் வேலைக்கு மாற்றினார்கள்.

கடையில் வேலை ஓடியது. ஆனால் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பூங்கா வழியாகப் போகும் பேருந்தை விட்டுவிட்டுச் சுற்றுவழியில் வீட்டுக்குப் போனார். ஒருநாள் வேறு வேலையாகப் போய்ப் பூங்காவை ஒட்டிய சிக்னலில் நின்றபோது, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா ஒரு காலை இழுத்தபடி சருகு கூட்டுவதைப் பார்த்துவிட்டார். சட்டென்று ஒரு லாரியின் மறைவில் ஒதுங்கினார். ஐம்பத்தாறு வயது மனிதர், பள்ளிக்கூடப் பையனைப்போல.

அவருடைய மனைவி வார்டு மருத்துவமனையில் நர்ஸ். காயத்துக்குக் கட்டு மாற்ற அந்த அம்மா அவரிடம்தான் வந்துகொண்டிருந்தார். ரம்பத்தைப் பழுது பார்த்தவர் இந்த நர்ஸின் கணவர்தான் என்று இருவருக்குமே முதலில் தெரியாது. மூன்றாம் முறை பேச்சுவாக்கில் தெரிந்துபோனது.

அன்று மத்தியானம் மனைவி வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டுக்கு வந்திருந்த கணவர் மேசைமேல் ஒரு கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டிருந்தார். மனைவி சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று ஏதோ கேட்டார்.

அவர் திரும்பாமலே தலையாட்டினார். "ம்."

மனைவி குழாயை மூடிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"இப்ப நான் என்னங்க கேட்டேன்?"

"டீ போடவான்னு கேட்ட."

"அந்தம்மா பொய்யா சொல்றாங்கன்னு கேட்டேன். நீங்க ஆமான்னு தலையாட்டுனீங்க."

அவர் கையிலிருந்த கார்புரேட்டரின் சின்ன ஊசி மேசையில் உருண்டு கீழே விழுந்தது. எடுக்கக் குனியவில்லை.

"நீங்க தலையாட்டுறது எனக்கு இன்னிக்கு நேத்துத் தெரிஞ்சதில்லை," என்றார் மனைவி. "வீட்டுக்குள்ளதானேன்னு நானும் விட்டுட்டேன். என் மேலயும் தப்பு இருக்கு. ஆனா அந்தக் காயத்தை நான் தினம் தொடச்சு விடுறேங்க. உங்களுக்காக அவங்ககிட்ட பொய் சொல்ல என்னால முடியாது."

அவர் அழுதாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டு, பூங்காவுக்கு நடந்தே போனார் என்று மட்டும் சொன்னார்.

மேற்பார்வையாளரின் அறை தகரக் கூரை போட்ட ஒரு கிடங்கின் மூலை. மெக்கானிக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "சரியான நேரத்துக்கு வந்தீங்க. பழசைத் தள்ளிட்டுப் புதுசு வாங்கப்போறோம். பெருசா ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், எப்படின்னு சொல்லுங்க."

"அதுக்கு முன்னாடி அந்தம்மாவைக் கூப்பிடுங்க சார்."

வந்தார். துடைப்பத்தைக் கதவோரம் சாய்த்துவிட்டு நின்றார். கிடங்கில் உரமூட்டை இறக்கிக்கொண்டிருந்த நான்கைந்து பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இவங்க அன்னிக்குச் சொன்னது நிஜம் சார். விரலைச் சுத்திக் காட்டினாங்க. எனக்கு ரெண்டு காதும் சரியாக் கேக்காது. நாலு வருஷமாச்சு. கேக்கலைன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுத் தலையாட்டிட்டேன். அப்புறம் நீங்க கேட்டப்போ தெரிஞ்சே பொய் சொன்னேன். பிரேக் போட்டிருக்கலாம்தான். ஆனா அந்த மெஷின் அப்படியே இவங்க கைக்குத் திரும்பிப் போயிருக்கவே கூடாது."

மேற்பார்வையாளர் ஒரு காகிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா இவர் முகத்துக்கு நேராக வந்து நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"கேக்கலைன்னு சொல்லியிருந்தா இன்னொரு தடவை சொல்லியிருப்பேனே அண்ணே. அதுக்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

மன்னித்தேன் என்று அந்த அம்மா சொல்லவில்லை. கதவோரம் இருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த மாதமே அந்த அம்மாவை மறுபடி மெஷின் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். புது ரம்பத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையையும் அவரிடமே விட்டார்கள். பெரியது வேண்டாம் என்று சொல்லி, பேட்டரியில் ஓடுகிற சின்ன ரம்பம் ஒன்றை எடுத்தார். விசையை விட்டதும் சட்டென்று நிற்கக்கூடியது. வெட்டு விழாத கால்கவசமும் கூடவே வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கிக்கொண்டார். மெக்கானிக்கிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையேதான் சொல்லியிருப்பார்.

விஷயம் ஊரில் பரவியது. அவர் பயந்த மாதிரி யாரும் சிரிக்கவில்லை. சிலர் பேசாமல் வேறு கடைக்குப் போனார்கள். சிரித்திருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியதாம். மனைவி கூட்டிக்கொண்டுபோய்க் காதுக்குக் கருவி பொருத்தினார். முதல் வாரம் முழுக்கத் தன் செருப்புச் சத்தத்துக்கே திடுக்கிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். கடையில் ஒரு பலகை தொங்குகிறது: 'எனக்குக் காது மந்தம். முன்னால் நின்று சொல்லுங்கள். எழுதியும் கொடுங்கள்.' அதைத் தொங்கவிட்ட அன்று ஷட்டரைப் பாதி மட்டுமே திறந்து வைத்திருந்தாராம், தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று. மறுநாள் முழுசாகத் திறந்தார்.

எட்டு மாதம் கழித்து அந்த அம்மா ஒரு புல்வெட்டும் மெஷினோடு கடைக்கு வந்தார். ஏற்கெனவே இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கோளாறை நிதானமாகச் சொன்னார். பிறகு, "நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க," என்றார்.

மெக்கானிக்கின் முகம் சிவந்தது. காத்திருந்த ஒருவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"சூடானதும் நின்னுபோகுது. ஆறினா மறுபடி கிளம்புது. கைப்பிடில அதிர்வு ஜாஸ்தி."

"வலது கைப்பிடில."

"வலது கைப்பிடில," என்றார் அவர், தலையாட்டாமல்.