வெற்றிலைக்கு அடியில் மாத்திரை

நலக் கமிட்டியில் என்னைச் சேர்த்தது என் அறிவுக்காக அல்ல, நாற்காலிக்காக. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் நான் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தேன். அண்டா, ஜமுக்காளம், மடக்கு நாற்காலி, தாம்பாளம் என்று கல்யாணத்துக்கு வேண்டிய எல்லாம், மாப்பிள்ளை பெண்ணைத் தவிர, என்னிடம் கிடைக்கும். கூட்டம் போட நாற்காலி வேண்டும். அது சும்மா கிடைக்க வேண்டுமென்றால் கடைக்காரனை உறுப்பினராக்கிவிட வேண்டும். இந்த யோசனை மாதர் சங்கத் தலைவியம்மாவுடையது. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் பேசுகிற அம்மா அவர்.

மொத்தம் நாலே பேர். தலைவியம்மா, மில் தொழிற்சங்கச் செயலாளர், ஆஸ்பத்திரியில் காசநோய்ப் பிரிவைப் பார்த்துக்கொண்ட நர்சம்மா, நான். மில்லில் இருமல் இல்லாத ஆளைத் தேட வேண்டியிருந்த காலம் அது. காசநோய் வந்தவர்களும் "பஞ்சுத் தூசிப்பா" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து இருந்தது, வாங்க ஆள் வரவில்லை. யார் இருமுகிறார்கள் என்று சங்கத்துக்காரர் சொல்ல வேண்டும், மாதர் சங்கம் வீட்டுப் பெண்களிடம் பேச வேண்டும், நர்சம்மா மருந்து கொடுக்க வேண்டும், நான் நாற்காலி கொடுக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. முதல் மூன்று கூட்டங்கள் நோட்டீஸில் யார் பெயரை முதலில் போடுவது என்ற சண்டையிலேயே போயின. அகர வரிசை என்று ஒருவழியாக முடிவெடுத்தார்கள். அப்படிப் பார்த்தால் என் பெயர் முதலில் வருகிறது என்று தெரிந்ததும் நோட்டீஸே வேண்டாம் என்றார்கள்.

எங்களை உண்மையிலேயே வேலை வாங்கியது ஒரு பெண். மில்லில் நூல் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் வேலை. புருஷன் இல்லை, ஒரே மகள். காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். அவள் இரண்டாம் மாதம் இருமல் கொஞ்சம் அடங்கியதும் நிறுத்திவிட்டாள். பாதியில் நிறுத்தினால் நோய் முன்னைவிட முரடாகத் திரும்பி வரும் என்பதால் நர்சம்மா பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போனார். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. அவள் அவரைக் கதவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், "இங்கன வராதிய நர்சம்மா, உங்க கால்ல விழுதேன். மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல பேசி பூ வச்சிருக்கு. எனக்கு இந்தச் சீக்குன்னு தெரிஞ்சா அவிய திரும்பிப் பாப்பாவியளா?" என்று அழுதிருக்கிறாள்.

நர்சம்மா அதை எங்களிடம் வந்து சொன்னார். அவள் சொன்னதில் பொய் இல்லையே. மகளுக்குக் கல்யாணம் நடக்க வேண்டும், அதைப் பார்க்கத் தாயும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும் என்று அந்தப் பெண் நினைத்து, மகளைப் பிடித்துக்கொண்டாள்.

தலைவியம்மாதான் வழி கண்டுபிடித்தார். "ஏமண்டி பாய், ஏன் வந்தேன்னு யாரும் கேக்காத ஆளு யாரு? விசேஷத்துக்கு அழைக்க வர்ற ஆளு! நர்ஸு பட்டுச்சேல கட்டி, பூ வச்சு, தாம்பாளத்தோட போகட்டும். வெத்தலைக்கு அடியில மாத்திரைய வச்சுட்டா யாருக்குத் தெரியும்?"

எங்களுக்கு அது பிரமாதமான யோசனையாகத் தெரிந்தது. என் கடையிலிருந்த பளபளப்பான எவர்சில்வர் தாம்பாளத்தை நானே துடைத்துக் கொடுத்தேன். நர்சம்மா பட்டுச் சேலையில், வெற்றிலை, பாக்கு, குங்குமச் சிமிழோடு வாரம் ஒருநாள் போய் வந்தார். அவளும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாள். நாங்கள் நாலு பேரும் டீக்கடையில் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டோம்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எங்களுடையது ஒரு மாதம் ஓடியதே பெரிய விஷயம். ஒருநாள் காலையில் அந்தத் தெருப் பெண்கள் ஒரு கூட்டமாக என் கடைக்கு வந்துவிட்டார்கள்.

"பாய், யார் வீட்டு விசேஷம்? வாரா வாரம் அவ வீட்டுக்கு மட்டும் அழைப்பு வருது. எங்க வீடெல்லாம் உங்களுக்கு வீடாத் தெரியலையா?"

எனக்கென்னம்மா தெரியும் என்றேன். முன்னால் நின்றவள் இடுப்பில் கையை வைத்தாள்.

"தாம்பாளத்துல உங்க கடைப் பேருல்ல வெட்டியிருக்கு!"

குழம்புக் கரண்டிக்குக்கூடப் பெயர் வெட்டி வைக்கிறவன் நான். இல்லாவிட்டால் கல்யாண வீட்டிலிருந்து திரும்பி வராது. அந்தப் பெயரே என்னைக் காட்டிக்கொடுத்தது. எங்கள் ஜமாத்திலேயே நிக்காஹ்வுக்கு ஒரு வீட்டை அழைக்காமல் விட்டால் பேரன் காலம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். நாலு பேரில் ஒருவருக்காவது இது உறைத்திருக்க வேண்டாமா? நோயை மறைக்கப் போய்த் தெருவுக்கே அவமரியாதை செய்திருந்தோம். குழாயடியில் அவளோடு யாரும் பேசுவதில்லை என்றும், அதற்குப் பயந்து அவள் மறுபடி மாத்திரையை நிறுத்திவிட்டாள் என்றும் அன்று மாலை நர்சம்மா சொன்னார்.

ஆனால் காலையில் அந்தப் பெண்கள் போட்ட சத்தத்தில் எனக்குக் கோபம் தலைக்கேறி, "உங்க தெருவுக்கே அழைப்பு வரும், போங்கம்மா!" என்று கத்தியிருந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே! தெரு முழுவதற்கும் இருமல் முகாம் வைப்பது என்று கமிட்டி முடிவு செய்தது. தலைவியம்மாவும் நர்சம்மாவும் ஒரு வீடு விடாமல் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். சும்மா நோட்டீஸ் கொடுத்திருந்தால் ஒரு ஈ காக்கா வந்திருக்காது. தாம்பாளம் வைத்து அழைத்த பிறகு வராமல் இருக்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை மாதர் சங்கக் கட்டடம் கல்யாண வீடாகிவிட்டது. பட்டுச் சேலைகள், சலவை வேட்டிகள், சங்கத்துக்காரர் ஏற்பாட்டில் மைக் செட். ஒரு பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மொய் எழுதுற இடம் எங்கனப்பா?" என்று கேட்டார். சளி எடுக்கும் டப்பாவை இருமல் உள்ளவர்களுக்கு மட்டும் கொடுப்பதாகத்தான் திட்டம். ஆனால் அழைத்துவிட்டு டப்பா கொடுக்காமல் இருப்பது, பந்தியில் உட்காரவைத்து இலை போடாமல் விட்ட மாதிரி. எல்லாரும் கை நீட்டினார்கள். நர்சம்மா தலையில் அடித்துக்கொண்டு எல்லாருக்கும் கொடுத்தார்.

அவளும் வந்திருந்தாள். அழைப்புக்கு வராவிட்டால் அதுவே பேச்சாகிவிடும் என்று, நான் அடுக்கி வைத்திருந்த நாற்காலிகளின் ஓரமாக ஒதுங்கி நின்றாள். வாசலில் ஒரு கனத்த குரல் கேட்டதும் அவள் முகம் வெளுத்துப்போனது. ஸ்ரீவில்லிபுத்தூர் சம்பந்தியம்மாள், கையில் பால்கோவாப் பொட்டலத்தோடு! தெருவையே அழைக்கும்போது சம்பந்தி வீட்டை விட்டால் நன்றாக இருக்குமா என்று, பக்கத்து வீட்டுப் புண்ணியவதி தானாகவே பஸ் ஏறிப்போய் அழைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

நர்சம்மா பதறிப்போய் அந்த அம்மாளைத் தாண்டி அடுத்தவருக்கு டப்பாவை நீட்டினார். வந்ததே கோபம்.

"ஏம்மா, வெளியூர்க்காரின்னா டப்பா கெடையாதா?"

வேறு வழியில்லாமல் கொடுத்தார். சம்பந்தியம்மாள் அந்தச் சின்ன டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் போட்ட அத்தனை சத்தமும் அடங்கிப்போனது. எழுந்து நேராக நாற்காலிகளின் ஓரத்துக்கு வந்தார். நான் மடக்கு நாற்காலியை விரிப்பதுபோல் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மதினி, நீங்க மாத்திர சாப்பிடுதியளா?"

 அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"பூ வைக்க வந்த அன்னைக்கே நீங்க இருமுன இருமல்ல சந்தேகம்தான். எங்க வீட்டுக்காரவியளுக்கும் இதே டப்பாதான் குடுத்தாவ. வெளிய தெரியக் கூடாதுன்னு பாதியில மாத்திரைய நிறுத்த வச்சவ நான். மறைச்சு மறைச்சு, ஆளச் சுடுகாட்டுலதான் கொண்டுபோய்ச் சேத்தேன்."

 பிறகு பழைய குரல் திரும்பி வந்தது.

"இப்பமே சொல்லிட்டேன். மாத்திரைய முழுசாத் தின்னு முடிச்ச பொறவுதான் முகூர்த்தம். நடுவுல நிறுத்தினியன்னா சம்பந்தம் கெடையாது."

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் எல்லாருக்கும் கோபுரம் ஞாபகம் வரும். எனக்கு இன்றைக்கும் அந்த அம்மாள்தான். அதன் பிறகு நர்சம்மா பட்டுச் சேலை கட்டவில்லை. பட்டப்பகலில் பையோடு போனார். அந்த முகாமில் அந்தத் தெருவிலேயே இன்னும் சிலருக்கு நோய் தெரிந்ததால், யார் வீட்டுக்குப் போகிறார் என்று பார்க்க யாரும் வாசலுக்கு வரவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒருநாள் அவள் கடைக்கு வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கையில் தாம்பாளம், அதில் மகளின் கல்யாணப் பத்திரிகை. தெருவில் ஒரு வீட்டையும் விடவில்லை என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள். நான் சிரித்துக்கொண்டே பத்திரிகையை எடுத்தேன். வெற்றிலைக்கு அடியில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. எல்லாக் குழியும் காலி.

"கடைசி அட்ட பாய். நர்சம்மாட்ட காட்டிட்டுத்தான் வாரேன்" என்றாள்.

 அண்டா எத்தனை வேண்டும், நாற்காலி எத்தனை வேண்டும் என்று ஏதேதோ கேட்டேன். அவள் அதற்குப் பதில் சொல்லாமல், "கல்யாணத்துக்கு நான் இருப்பேன் பாய்" என்றாள்.